கழலாத சிலுவை

திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில், மொட்டை அடிக்கிற இடத்தையும் பூக்கடைகளையும் தாண்டினால் ஒரு சந்து வரும். அதில் சுத்தியல் சத்தம் எங்கே கேட்கிறதோ அதுதான் ஜமீல் அகமதுவின் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பலகை செய்ய ஆரம்பித்துப் பாதியில் விட்டு, அந்தத் தகட்டில் யாருக்கோ திருவாசி அடித்துக் கொடுத்துவிட்டார். உள்ளே ஒரே கோணிப்பையில் முருகனின் வேல், மசூதி உச்சிக்கான பிறை, மாதாவின் கிரீடம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

"மூணும் சண்டை சச்சரவு இல்லாம படுத்துகினு கீது பாரு. வெளியில எடுத்தாத்தான் வம்பு" என்பார்.

பிறந்தது அரக்கோணம். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பங்க்சர் ஒட்ட உட்கார வைத்தால், பையன் எவனுடைய சைக்கிள் மட்கார்டையோ கழற்றி அதில் ஆணியால் மயில் தட்டிக்கொண்டிருந்தான். மட்கார்டுக்குச் சொந்தக்காரர் திருத்தணிப் பாத்திரக் கடைக்காரர். அறைய வந்தவர், மயிலைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கோயில் சாமான் செய்கிறவர்களிடம் விட்டார். அப்பா தடுக்கவில்லை. கடையில் மிச்ச மட்கார்டுகளாவது தப்பட்டும் என்று நினைத்திருப்பார்.

கை சுத்தம், வாய் நீளம், சொன்ன தேதிக்கு ஒன்றும் தராத குணம். இந்த மூன்றும்தான் ஜமீல் பாய். நாலாவதாக ஒன்று உண்டு. அவரைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது. இரண்டு பேர் டீக்கடையில் சிரித்தால், அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடிக் கிருத்திகைக்கு, பள்ளிப்பட்டு பக்கத்துக் காவடிக்காரர்கள் பெரிய பித்தளை வேல் ஒன்று கேட்டார்கள். வழக்கம்போலக் கடைசி நிமிஷம் வரை இழுத்தடித்து, வேலின் அடி வாலை மூங்கிலுக்குள் சொருகி, கந்தல் துணியைத் திணித்துக் கொடுத்தனுப்பிவிட்டார். படியேறும்போது பம்பைச் சத்தத்தில் கம்பு பிடித்தவனுக்கு ஆவேசம் வந்து ஓர் ஆட்டம் ஆடினான். வேல் கழன்று, தலைக்கு மேலே பறந்து, படியோரத்தில் பொரி விற்றவனின் மூட்டைக்குள் செங்குத்தாகச் சொருகி நின்றது. யார் மேலும் படவில்லை. "அரோகரா!" என்று மலையே அதிர்ந்தது. பொரிக்காரன் மூட்டைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, பொரியைப் பிடி பிடியாகப் பிரசாதம் என்று விற்றுத் தீர்த்துவிட்டான்.

ஜமீல் மண்டபத்துத் தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேதாசலம். இந்த வட்டாரத்தில் எந்தச் சாமி ஊர்வலம் கிளம்பினாலும், கவை வைத்த மூங்கிலோடு முன்னால் போய் மின்கம்பிகளைத் தூக்கிவிடுகிற ஆள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கழண்டுகிச்சே பாய்!"

அந்த ஒரு வார்த்தை போதும். அன்று முதல் ஊரே தன்னைக் 'கழண்ட பாய்' என்று கூப்பிடுவதாக ஜமீல் முடிவு கட்டினார். தான் செய்த சாமான் வீதியில் போகிற நாளில் ஊரிலேயே இருக்க மாட்டார். மின்சார ரயில் ஏறி அரக்கோணத்தில் தங்கை வீட்டுக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் ரிவிட் ஆணி அடித்து இறுக்குகிற பழக்கமும் அப்போதுதான் தொற்றியது. ஒரு கல்யாண வீட்டுக்குக் குங்குமச் சிமிழ் செய்து தந்தார். அதன் மூடி இன்றுவரை திறக்கவில்லை. மணப்பெண்ணுக்குக் குழந்தை பிறந்து அது பள்ளிக்கூடம் போகிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் ஃபாதர் சவரிநாதன் வந்து சேர்ந்தார்.

பொதட்டூர்பேட்டைக்குப் போகிற வழியில், நெசவாளர் தெருக்கள் நடுவே இருக்கும் சின்ன மாதா கோயிலுக்கு அவர்தான் சாமியார். ரோமாபுரியில் பல வருஷம் படித்து, தடித்த கண்ணாடி, சர்க்கரை வியாதி, பைசாந்தியம் என்கிற பழைய கிறிஸ்தவ ராஜ்யத்தின் மேல் பித்து ஆகிய மூன்றோடும் ஊர் திரும்பியவர். வந்ததும் செல்போனை நீட்டினார். அதில் வெள்ளியும் தங்கப்பூச்சுமாக ஒரு சிலுவை. நான்கு கைகளும் நுனிக்குப் போகப் போக அகன்றிருந்தன. மூலைக்கு மூலை உருண்டை மொட்டு. நடுவில் வட்டத்துக்குள் இயேசுவின் முகம். பக்கவாட்டுக் கைகளிலிருந்து சங்கிலியில் இரண்டு கிரேக்க எழுத்துகள் தொங்கின. அடியில், கத்திப் பிடிக்குள் போகிற பகுதி மாதிரி ஒரு கூர்வால்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால செஞ்சது பாய். கான்ஸ்டாண்டிநோபிள்னு ஒரு ஊரு. கொள்ளை நோய் வந்தாலும், பூமி அதிர்ந்தாலும், ராஜா சண்டைக்குக் கிளம்பினாலும் இந்த மாதிரி சிலுவையத்தான் முன்னால தூக்கிகினு போவாங்க."

"இப்ப அந்த ஊரு எங்க கீது ஃபாதர்?"

"இப்ப அதுக்குப் பேரு இஸ்தான்புல்."

"அது எங்க ஆளுங்க ஊராச்சே!"

"இப்ப உங்க ஆளுங்க ஊரு. அப்ப எங்க ஆளுங்க ஊரு. உங்களால செய்ய முடியுமா, முடியாதா?"

முடியாது என்ற சொல் ஜமீல் பாய் வாயில் வந்ததே இல்லை. தகடு பித்தளை, மேலே வெள்ளி முலாம் என்று பேசி முடித்தார்கள். கிளம்புகிற நேரத்தில் ஃபாதர் படத்தைப் பெரிதாக்கி வாலைக் காட்டினார்.

"இதுதான் முக்கியம் பாய். பவனி போறப்ப இதைக் கம்புல சொருவுவாங்க. பவனி முடிஞ்சதும் உருவி எடுத்துப் பீடத்துல நிக்க வெப்பாங்க. வீதிக்கும் அதே சிலுவை, பூசைக்கும் அதே சிலுவை. நானும் பீடத்துக் கல்லுல ஓட்டை போட்டு வெச்சிட்டேன்."

ஜமீல் கேட்டார். தலையை ஆட்டினார். மனசுக்குள் பைசாந்தியக்காரனை நன்றாகத் திட்டினார். சொருகுவதாம், உருவுவதாம். சொருகியது பறந்து பொரி மூட்டையில் போய் நின்றதை அவன் எங்கே பார்த்தான்?

வேலை மட்டும் மளமளவென்று நடந்தது. தகட்டை அரக்குப் படுக்கையில் வைத்து, பின்னாலிருந்து தட்டித் தட்டி முகத்தை எழுப்பினார். வாழ்நாள் முழுக்க முருகன் கவசம் அடித்த கை. இயேசுவும் தாடி வைத்த முருகனாகத்தான் எழுந்து வந்தார். வாரா வாரம் பார்க்க வந்த ஃபாதர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்:

"பாய், ஆண்டவர் காதுல என்ன அது?"

"கடுக்கன் ஃபாதர்."

"இயேசுவுக்கு ஏது பாய் கடுக்கன்?"

"கை பழக்கம்" என்று அரத்தை எடுத்துத் தேய்த்துவிட்டார். தொங்கும் எழுத்துகளுக்குப் பக்கத்தில் நாலு சலங்கைகளையும் கோத்துவிட்டார். சத்தம் இல்லாமல் ஒரு சாமி வீதியில் எப்படி வரும் என்பது அவர் கட்சி. சலங்கை ஃபாதருக்கும் பிடித்திருந்தது.

முலாம் பூசியதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி மினுக்குவது ரஹிமுன்னிசாவின் வேலை. ஜமீலின் மனைவி. வீட்டில் இருவரும் உருது பேசுவார்கள், சண்டை என்றால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். கடைசி நாள் அன்று, சிலுவையின் வால் கம்புக்குப் பதிலாக வைத்த ஒரு நீள இரும்புக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் தமிழுக்கு மாறினாள்.

"இன்னா ஜி, ஃபாதர் உருவணும்னு சொன்னாரே. நீ பாட்டுக்கு ரிவிட் அடிச்சிகினு கீற?"

"அவரு படிச்சவரு, அப்பிடித்தான் சொல்வாரு. நாளைக்கு இது கழண்டு வுயுந்தா ஊரு அவர பாத்தா சிரிக்கும்? என்னத்தான் பாத்து சிரிக்கும்."

"எந்த ஊரு சிரிக்குது? எத்தினி வருஷமா கேக்கறேன், ஒருத்தன் பேரச் சொல்லு பாக்கலாம்."

"வேதாசலம்."

"அவன் எப்பவும் சிரிச்சிகினுதான் கீறான். பல்லு வாட்டம் அப்பிடி."

ஜமீல் சுத்தியலை எடுத்தார். ஆறு ரிவிட் அடித்தார். இடுக்கில் எல்லாம் பசையை ஊற்றினார். மனசு ஆறாமல், எல்லாவற்றுக்கும் மேலே பித்தளை உறையைப் போர்த்தி விளிம்பை ஒட்டித் தேய்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் சும்மா சொருகி வைத்த மாதிரிதான் தெரிந்தது. திருவிழா அன்று மதியத்துக்கு மேல், மேளக்காரர்கள் வந்து இறங்கிய பிறகுதான் கொண்டுபோய்க் கொடுத்தார். சோதித்துப் பார்க்க ஃபாதருக்கு நேரமே இல்லை. தாமதத்திலும் ஒரு சௌகரியம் உண்டு.

இந்தத் தடவை அவர் அரக்கோணத்துக்கு ரயில் ஏறவில்லை. தன் சாமான் ஒன்று வீதியில் போவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. ரஹிமுன்னிசாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

சாயங்காலம் பவனி கிளம்பியது. தறிச் சத்தம் தெருத்தெருவாக நின்றது. பூபாலன் என்கிற நெசவாளி, நல்ல வாட்டசாட்டமான ஆள், சிலுவைக் கம்பை இடுப்புத் துண்டில் ஊன்றித் தூக்கிப் பிடித்தார். மேற்கு வெயில் பட்டு வெள்ளி எரிந்தது. சலங்கை ஒவ்வொரு அடிக்கும் குலுங்கியது. பெண்கள் மாடியிலிருந்து மல்லிகைப்பூ போட்டார்கள். கூட்டத்தோடு நடந்த ஜமீல் சிலுவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்ததை நினைத்து அவருக்கே அவர் மேல் கோபம் வந்தது.

முன்னால் கவை மூங்கிலோடு வேதாசலம். மாதாவுக்கும் கம்பி தூக்குவது அவன்தான். கரண்டுக்கு எல்லா மதமும் ஒன்று என்பான். கடைசித் தெருவில், ஒரு கேபிள் டிவி வயரைத் தூக்கிப் பிடித்தவன், வெற்றிலை எச்சிலைத் துப்பத் திரும்பினான். வயர் இறங்கிச் சிலுவையின் கையில் மாட்டிக்கொண்டது. பூபாலன் தெரியாமல் ஓரடி எடுத்து வைத்தார். வயர் பின்னால் இழுத்தது. அவர் முன்னால் இழுத்தார். வயர் படீரென்று அறுந்ததும், கம்பும் சிலுவையும் பூபாலனும் ஒரே குவியலாகக் கால்வாய்க் கல்லின் மேல் விழுந்தார்கள்.

மேளம் நின்றது. ஜமீல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். 'கழண்டுகிச்சே' என்ற குரலுக்காகக் காத்திருந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. திறந்து பார்த்தார். பூபாலன் முழங்கையைத் தடவிக்கொண்டு எழுந்தார். ஒரு சலங்கை மட்டும் உருண்டு கால்வாயில் விழுந்தது. சிலுவை கம்போடு கம்பாக அப்படியே இருந்தது. இம்மியும் அசையவில்லை. தெருவில் டிவி நின்றுபோய், சீரியல் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வீடுகளிலிருந்து சனம் வெளியே வந்தது.

ஜமீலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாய்ந்து போய் வேதாசலத்தின் சட்டையைப் பிடித்தார்.

"பாத்தியா? கழலல! கல்லு மேல வுயுந்தும் கழலல! இப்ப சொல்லு, கழண்ட பாய்னு!"

வேதாசலம் மிரண்டு போனான். "யாரு பாய் அது?"

"நடிக்காத. நீ வெச்ச பேருதான! அன்னிக்கு மல மேல வேலு கழண்டப்ப!"

"எந்த வேலு?" வேதாசலம் நெற்றியைச் சுருக்கினான். அப்புறம் முகம் மலர்ந்தது. "ஓ, பொரி மூட்டையில நின்னுச்சே, அதுவா? இன்னா அதிசயம் பாய் அது! நானும் ரெண்டு பிடி பொரி வாங்கினு போயி வூட்ல குடுத்தேன். முருகன் கண்ணுக்கு முன்னால எறங்கினாரு. அதுல நீ எங்க வந்த?"

"அந்த வேல நான்தான்டா செஞ்சேன்!"

"அப்பிடியா? எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, மூங்கிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

ஜமீல் நடுத்தெருவில் நின்றார். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. ஒருவனுக்கும் ஞாபகம்கூட இல்லை. பாதியில் வைத்துவிட்டு வந்த டீக்களை எல்லாம் நினைத்தார். ஏறிய ரயில்களை நினைத்தார். ஊர் தன்னைக் கேலி செய்கிறது என்று இருந்தபோதாவது ஊருக்குத் தன் நினைப்பு இருந்தது என்று ஒரு கணக்கு இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. சிரித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நான் சொன்னப்ப கேட்டியா?" என்றாள் ரஹிமுன்னிசா. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக் கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

பவனி கோயிலுக்குள் வந்தது. குழாயைச் சாய்த்து, வாசலில் திருப்பி, ஒரு மின்விசிறியை நிறுத்தி, ஒருவழியாகப் பீடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கல்லில் போட்ட ஓட்டை ரோஜா இதழ்களோடு காத்திருந்தது. ஃபாதர் சிலுவையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தார். வரவில்லை. திருகினார். வரவில்லை. பூபாலன் குழாயைப் பிடித்துக்கொள்ள, வேதாசலம் சிலுவையைப் பிடிக்க, இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பாட்டுக்காரர்கள் ஒரே பாட்டை முடித்து முடித்து மறுபடி ஆரம்பித்தார்கள். ஃபாதரின் அங்கி வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முன்வரிசையில் இருந்த சுலோச்சனா என்ற கிழவி எழுந்து நின்று கையைக் கூப்பினாள். "வேணாம் சாமி, இழுக்காதீங்க. ஆண்டவருக்கு எறங்க மனசில்ல. சனங்க தோளு மேலயே இருக்கணும்னு பாக்கறாரு!"

பக்கத்தில் இருந்தவள் விம்மினாள். ஒரு வரிசை முழங்காலிட்டது. அடுத்த வரிசையும் முழங்காலிட்டது. "அல்லேலூயா" என்று யாரோ கத்த, கோயில் முழுக்க அது எதிரொலித்தது. ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் படித்தவர், இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கும் இது ஒரு நல்ல வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். மைக்கைப் பிடித்து, "பிரியமானவர்களே" என்று ஆரம்பித்தார்.

செருப்புகள் குவிந்து கிடந்த வாசலில் நின்ற ஜமீலுக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் அதே கதை. அன்று அவர் வேலை கழன்றது, பெயரை முருகன் எடுத்துக்கொண்டார். இன்று அவர் வேலை கழலவில்லை, பெயரை இயேசு எடுத்துக்கொள்ளப் போகிறார். அடுத்த வருஷம் இந்தச் சிலுவைக்குப் பின்னால் ஜமீல் என்று ஒருவன் இருந்தான் என்று யாருக்குத் தெரியும்?

ரஹிமுன்னிசா அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தாள். "கம்முனு இரு ஜி. ஆண்டவரு மேல பழி போயிடுச்சி. நீ தப்பிச்ச."

தப்பித்துவிட்டார். உண்மைதான். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் போதும். ஆனால் வாயை மூடுகிற வித்தையை அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

"ஆண்டவரு இல்லம்மா!" வாசலிலிருந்து வந்த குரலில் கோயில் திரும்பியது. "ஆண்டவரும் இல்ல, ஒருத்தரும் இல்ல, நான்! ஜமீல் அகமது! உள்ள ஆறு ரிவிட் அடிச்சிகீறேன். பசை ஊத்திகீறேன். அந்த ஆண்டவரே வந்து இழுத்தாலும் கழலாது!"

ஃபாதர் மைக்கைக் கையில் பிடித்தபடியே கேட்டார். "ஏன் பாய்? உருவணும்னு அவ்ளோ தடவ சொன்னேனே. ஏன் பாய்?"

"வுயுந்துடக் கூடாதுன்னு ஃபாதர்."

ஃபாதர் சிலுவையைத் திரும்பிப் பார்த்தார். கால்வாய்க் கல்லின் மேல் அது விழுந்ததை அவரும் பார்த்திருந்தார். முழங்காலிட்டவர்கள் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள். முதலில் சிரித்தது வேதாசலம்தான். பல்லெல்லாம் தெரிய, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். பின்னால் பூபாலன். அப்புறம் சுலோச்சனா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. கடைசியில் கோயில் மொத்தமும் சிரித்தது. ஃபாதர் மைக்கை மறுபக்கம் திருப்பிவைத்துவிட்டுச் சிரித்தார்.

யாரோ வீட்டுக்கு ஓடிப்போய், தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த புது லுங்கித் துணியைக் கொண்டுவந்தார்கள். நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்டது. குழாயோடு சிலுவையைப் பீடத்துத் தூணில் நிற்க வைத்து, அந்த லுங்கியால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். கல்லில் போட்ட ஓட்டைக்கு வேறு வேலை இல்லாததால் அதில் ஒரு மெழுகுவத்தியைச் சொருகினார்கள். பூசை நடந்தது. பைசாந்திய ராஜா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, லுங்கி மட்டும் நெகிழவில்லை.

முடிந்ததும் இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். கேபிள் வயரை ஒட்டுவதற்காக வேதாசலம் கம்பத்தில் ஏறியிருந்தான். மேலேயிருந்து அவர்களைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தான்.

"ரிவிட் பாய்! யோவ், ரிவிட் பாய்!"

கீழே நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்து நின்ற பஸ்ஸின் படியில் தொங்கிய ஒருவன், "ரிவிட் பாய், உள்ள எடம் கீது, வாங்க" என்று கை நீட்டினான்.

ரஹிமுன்னிசா உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "இப்ப நெசமாவே ஊரு சிரிக்குது ஜி. கேக்குதா?"

ஜமீல் அகமது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"ஆங்" என்றார். "நல்லா கேக்குது."